விற்ற வீட்டுக்கே போன நோட்டீஸ்: பான் முகவரியை மாற்றாததால் வந்த ஒரு வரி வழக்கு

மதுரையிலிருந்து கோவைக்குக் குடிபெயர்ந்த ஒரு மூத்த குடிமகளின் வழக்கு இது. எங்கள் ஆடிட்டர் அலுவலகம் கையாண்டது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாத வகையில் எழுதுகிறேன். எல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் நடந்தவை. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. அதனால் எண்களைவிட நடந்த வரிசையைக் கவனித்துப் படியுங்கள்.

பின்னணி

அந்த அம்மாவுக்கு அப்போது 63 வயது. கணவர் 2017-இல் காலமானார். குடும்ப ஓய்வூதியமும் கொஞ்சம் வைப்புத்தொகை வட்டியும்தான் வருமானம். இரண்டும் சேர்ந்தாலும் மூத்த குடிமக்களுக்கு அப்போது இருந்த 3 லட்ச ரூபாய் வரியில்லா வரம்புக்குள்தான் இருந்தது. ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. ஒரே ஒருமுறை, 2015-இல், வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரியை (டிடிஎஸ்) திரும்பப் பெறக் கணவர் அவரை வீட்டருகே இருந்த பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போய் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்திருக்கிறார். பணம் வந்தது. அதோடு மறந்துவிட்டார்கள்.

மதுரை வீடு மாமனார் உயிலில் எழுதிவைத்தது: மூத்த மருமகளுக்குப் பாதி, இளைய மகனுக்குப் பாதி. 2018 நவம்பரில் இவரும் கொழுந்தனாரும் சேர்ந்து அதை 46 லட்சத்துக்கு விற்றார்கள். ஆளுக்கு 23 லட்சம். இவர் தம் பங்கோடு சேமிப்பில் 4 லட்சத்தைச் சேர்த்து, மகள் வேலை பார்க்கும் கோவையில் 27 லட்சத்துக்கு ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினார். விற்றதற்கும் வாங்கியதற்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. குடியிருப்பு வீட்டை விற்று இன்னொரு குடியிருப்பு வீடு வாங்கினால் 54-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. 2001 ஏப்ரல் 1-இல் வீட்டுக்கு இருந்த மதிப்பை எடுத்து, பணவீக்கக் குறியீட்டால் (2018-19-க்கு 280) உயர்த்தி, அதை அசல் விலையாகக் கழித்துப் பார்த்தால் இவர் பங்கின் லாபமே 12 லட்சத்துக்குள். வாங்கிய வீடோ 27 லட்சம். வரி ஒரு ரூபாய்கூட இல்லை.

ரிட்டர்ன் போடாததும் அன்றைய நிலையில் தவறில்லை. 54-ஆம் பிரிவு விலக்கைக் கழிக்கும் முன் உள்ள வருமானம் வரம்பைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம் என்ற விதி 2020-21 மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டே மதிப்பீட்டு ஆண்டு) வந்தது. இவருடையது 2019-20.

கோவைக்கு வந்ததும் மகள் பொறுப்பாக ஒவ்வொன்றாக மாற்றினார்: ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு, வங்கி, ஓய்வூதியக் கணக்கு. பான் அட்டையை எடுத்துப் பார்த்தபோது அதில் முகவரியே அச்சாகவில்லை. "மாத்துறதுக்கு இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்று எடுத்துவைத்துவிட்டார். அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் தொடங்கியது. அட்டையில் முகவரி கிடையாது, உண்மைதான். ஆனால் அட்டைக்குப் பின்னால் துறையின் பான் பதிவேட்டில் முகவரி இருக்கிறது. அங்கே மதுரை வீடு அப்படியே இருந்தது.

என்ன நடந்தது

30 லட்சம் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சொத்துப் பரிமாற்றத்தைச் சார்பதிவாளர் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. விற்பவர் இருவர் என்றால் முழுத் தொகையும் இருவர் பெயரிலும் தனித்தனியே பதிவாகும். ஆக, இந்த அம்மா பான் எண்ணில் 46 லட்சம், கொழுந்தனார் பான் எண்ணிலும் 46 லட்சம். கோவை வீடு 27 லட்சம் என்பதால் அது தெரிவிக்கப்படவே இல்லை. துறையின் திரையில் விற்றது மட்டும் தெரிந்தது, வாங்கியது தெரியவில்லை. ரிட்டர்னும் இல்லை. எந்த அதிகாரியாக இருந்தாலும் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

2023 மார்ச்சில், மறுமதிப்பீட்டைத் தொடங்கும் முன் விளக்கம் கேட்கும் 148ஏ பிரிவின் கீழ் இருவருக்கும் நோட்டீஸ் போனது.

கொழுந்தனார் திருநெல்வேலியில் இருக்கிறார். அவருடைய பான் முகவரி சரியாக இருந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பத்திர நகல், உயில் நகல், தாம் வாங்கிய வீட்டின் ஆவணம் ஆகியவற்றோடு இரண்டு பக்க விளக்கம் அனுப்பினார். மறுமதிப்பீட்டுக்கு உகந்ததல்ல என்று அந்தக் கட்டத்திலேயே ஆணை வந்து கோப்பு மூடப்பட்டது.

இந்த அம்மாவுக்கான ஸ்பீட் போஸ்ட் உறை மதுரை முகவரிக்குப் போனது. வாங்கியவர் வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டிக்கொண்டிருந்தார். உறை திரும்பியது. அதன்பின் மறுமதிப்பீட்டைத் தொடங்கும் 148 நோட்டீஸ், விவரம் கேட்கும் 142(1) நோட்டீஸ்கள், கடைசியாக ஒரு விளக்கக் கேட்பு எல்லாம், அதிகாரியை நேரில் பார்க்காமல் இணையத்திலேயே நடக்கும் முகமற்ற மதிப்பீட்டு முறையில், வருமான வரி இணையதளத்தில் உள்ள அவருடைய கணக்கிலேயே வந்து சேர்ந்தன. மின்னஞ்சல் அறிவிப்பு அந்தப் பழைய பிரவுசிங் சென்டரின் முகவரிக்குப் போனது. குறுஞ்செய்தி, இறந்துபோன கணவரின் எண்ணுக்கு.

2024 பிப்ரவரியில் 144-ஆம் பிரிவின் கீழ், கிடைத்த விவரத்தை வைத்து ஒருதலையாக மதிப்பீடு முடிந்தது. 46 லட்சமும் மூலதன ஆதாயம். அசல் விலை கழிக்கப்படவில்லை, பங்கும் பிரிக்கப்படவில்லை. வரி 8.94 லட்சம், வட்டியோடு சேர்த்து 13.77 லட்சம். அதோடு அபராத நோட்டீஸ்கள் தனி.

தெரியவந்த விதம்

2024 ஆகஸ்டில் கோவை வங்கிக் கிளையிலிருந்து போன். "அம்மா, உங்க கணக்கை இன்கம் டாக்ஸ்ல இருந்து முடக்கச் சொல்லியிருக்காங்க, கொஞ்சம் நேர்ல வர முடியுமா?" வங்கிக்கு அவருடைய சரியான எண்ணும் முகவரியும் தெரிந்திருந்தன. 226(3) பிரிவின்படி வந்த கடிதம் சேமிப்புக் கணக்கையும் வைப்புத்தொகையையும் ஒருசேரப் பிடித்திருந்தது.

மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு துணிப்பையில் எல்லா ஆவணங்களும் இருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. நோட்டீஸ் எங்கே போனது என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "வித்த வீட்டைப் பத்திக் கேக்க, வித்த வீட்டுக்கே கடுதாசி போட்டாங்களா தம்பி?"

கொழுந்தனாருக்கு நோட்டீஸ் வந்தது அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது. போன் போட்டுக் கேட்டபோது, "அண்ணிக்கும் வந்திருக்கும், அவங்களும் பதில் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்குள் ஒரு போன் பேச்சு நடந்திருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலை வருமான வரி இணையதளக் கணக்குக்குள் நுழைவது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. பான் ஆதாரோடு இணைந்திருந்ததாலும், ஆதாரில் மகள் புதிய கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்ததாலும், ஆதார் ஓடிபி வழியாகக் கடவுச்சொல்லை மாற்ற முடிந்தது. பலர் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள்: ஆதாரோடு இணைத்தால் பான் முகவரி தானாக மாறிவிடாது. இணைப்பு வேறு, முகவரித் திருத்தம் வேறு.

இங்கே நாங்கள் ஒரு பிழை செய்தோம். அவசரத்தில் சுயவிவரப் பக்கத்தில் எங்கள் அலுவலக மின்னஞ்சலை முதன்மை முகவரியாகப் போட்டுவிட்டோம். பிரவுசிங் சென்டர் செய்ததும் இதுதானே என்று மறுநாள் காலையில்தான் உறைத்தது. நாளை நாங்கள் கடையை மூடினாலோ, அவர் ஆடிட்டரை மாற்றினாலோ மறுபடியும் அதே கதை. அன்றே மகளின் கைப்பேசியையும் மின்னஞ்சலையும் முதன்மையாக மாற்றி, எங்களுடையதை இரண்டாவதாக வைத்தோம்.

இரண்டாவது, முகவரி. பான் சேவை நிறுவனங்களின் தளத்தில் ஆதார் இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு) வழியாகப் பான் பதிவேட்டு முகவரியைத் திருத்தினோம். ஆதாரில் கோவை முகவரி ஏற்கெனவே இருந்ததால் தனி ஆவணம் தேவைப்படவில்லை. அதோடு நிற்காமல் மதிப்பீட்டு அதிகாரிக்கும் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கினோம். முகவரி மாறினால் மதிப்பீட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 139ஏ(5) சொல்கிறது. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்தால் அதையே பின்பற்ற வேண்டும் என்று விதி 127 சொல்கிறது. அந்தக் கடிதத்தின் முத்திரையிட்ட நகல் இன்று அவருடைய துணிப்பையில் முதல் தாளாக இருக்கிறது.

அதிகார எல்லையை, அதாவது கோப்பு எந்த ஊர் அதிகாரியிடம் இருக்கும் என்பதை, மட்டும் மாற்றவில்லை. முகவரி மாறினாலும் கோப்பு தானாகக் கோவை வரி அலுவலகத்துக்கு வராது. அதற்குத் தனி மனு வேண்டும். நிலுவையும் முடக்கமும் மதுரை அதிகாரி கையில் இருக்கும்போது கோப்பை நகர்த்தினால் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் அது நின்றுவிடும் என்று அஞ்சினோம். வழக்கு முடியட்டும் என்று விட்டோம்.

மூன்றாவது, எந்த வழியில் போவது. நோட்டீஸே முறையாகச் சேரவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்தினார். நான் ஒப்பவில்லை. ஐ-வென் இண்டராக்டிவ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ரிட்டர்னில் புது முகவரியை எழுதிவிட்டால் மட்டும் போதாது. பான் பதிவேட்டில் மாற்றாமல், அதிகாரிக்கும் தனியே தெரிவிக்காமல் இருந்தால், பதிவேட்டு முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் செல்லும். அந்த நிறுவனம் ரிட்டர்னிலாவது புது முகவரியைக் காட்டியிருந்தது. இவர் ரிட்டர்னே போடவில்லை. இந்த நிலையில் துறைமேல் பழியைப் போடும் வாதம் நிற்காது, நேர்மையானதும் அல்ல. முகவரியை மாற்றாதது எங்கள் தரப்புத் தவறு, ஆனால் அதில் உள்நோக்கம் இல்லை, வரி ஏய்ப்பும் இல்லை, ஆவணங்களைப் பார்க்க ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று கேட்பதே சரி என்று முடிவெடுத்தோம்.

அதனால் துறையின் மேல்முறையீட்டு ஆணையரிடம் படிவம் 35-இல் மேல்முறையீடு. கட்டணம் 1,000 ரூபாய். முப்பது நாள் கெடு முடிந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததால் 249(3) பிரிவின் கீழ்த் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்தோம். மேல்முறையீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 144-இல் முடிந்த மதிப்பீட்டை ரத்து செய்து மறுபடி மதிப்பீட்டு அதிகாரிக்கே அனுப்பும் அதிகாரம் 2024 அக்டோபர் 1 முதல் மேல்முறையீட்டு ஆணையருக்குக் கிடைக்கப்போகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். ரிட்டர்ன் போடாதவர் மேல்முறையீடு செய்யும் முன் முன்கூட்டிய வரிக்கு (நிதியாண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) சமமான தொகையைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இவரைத் தடுக்கவில்லை. தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரியே கிடையாது.

தாமத மனுவுக்கு நாங்கள் வைத்த ஆதாரங்களில் மிகவும் உதவியது ஆதார் புதுப்பிப்பு வரலாறு. எந்தத் தேதியில் கோவை முகவரிக்கு மாறினார் என்பதை அரசின் பதிவே சொன்னது. கோவை வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீதுகள், வங்கியின் கேஒய்சி கடிதம், மதுரைச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வாங்கிய விற்பனைப் பத்திர நகல் ஆகியவை அடுத்து. நோட்டீஸ் போன காலத்தில் அந்த வீடு இவருடையதே அல்ல என்பதை அந்தப் பத்திரம் காட்டியது. கொழுந்தனாருக்கு வந்த ஆணையின் நகலையும் வைத்தோம். இவை எதுவும் மதிப்பீட்டின்போது கொடுக்கப்படாதவை என்பதால் விதி 46ஏ-இன் கீழ்த் தனி மனு தேவைப்பட்டது.

நான்காவது, கணக்கு முடக்கம். முதலில் வங்கிக்கு எழுதினோம். அது வீண். ஒன்பது நாள் போனபிறகுதான் பதில் வந்தது: அதிகாரி சொல்லாமல் எங்களால் விடுவிக்க முடியாது. வசூலை நிறுத்திவைக்கக் கோரும் 220(6) மனுவை நேரே மதிப்பீட்டு அதிகாரியிடம் போட்டிருக்க வேண்டும். அதன்பின் போட்டோம். 2017 ஜூலை 31 சுற்றறிக்கையின்படி மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வழக்கமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். பாதிப் பங்குதான் இவருடையது என்று காட்டிக் குறைத்துக் கேட்டும் குறையவில்லை. 2.76 லட்சம் கட்டினார். முடக்கப்பட்ட வைப்புத்தொகையிலிருந்தே எடுத்துக் கட்ட அதிகாரி அனுமதித்தார். முதிர்வுக்கு முன்பே உடைத்ததால் வட்டி குறைந்தது. செப்டம்பர் கடைசியில் கணக்கு விடுபட்டது.

அந்த ஏழு வாரமும் ஓய்வூதியம் வந்து விழுந்தது, எடுக்க முடியவில்லை. சர்க்கரை மாத்திரைக்குக்கூட மகளிடம் கேட்க வேண்டியிருந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. மகள்தான் பிறகு ஒருநாள் சொன்னார்.

விளைவு

2025 மார்ச்சில் மேல்முறையீட்டு ஆணை வந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது. மதிப்பீடு ரத்து செய்யப்பட்டுப் புதிதாக விசாரிக்க அனுப்பப்பட்டது. இந்த முறை ஒவ்வொரு நோட்டீஸும் மகளின் கைப்பேசியில் வந்து ஒலித்தது. இரண்டு நோட்டீஸுக்கும் கெடுவுக்குள் பதில் போனது. 2025 அக்டோபரில் வந்த புதிய ஆணையில் இவருடைய பங்கு 23 லட்சம்தான் என்பதும் 54-ஆம் பிரிவு விலக்கும் முழுமையாக ஏற்கப்பட்டன. வரி இல்லை. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான 270ஏ அபராத நடவடிக்கை கைவிடப்பட்டது. கட்டிய 2.76 லட்சம் வட்டியோடு திரும்ப வந்தது.

ஒன்று மட்டும் நின்றது. முதல் சுற்றில் 142(1) நோட்டீஸுக்குப் பதில் தராததற்காக 272ஏ பிரிவின் கீழ் 10,000 ரூபாய் அபராதம். நியாயமான காரணம் இருந்தது என்று எதிர்த்திருக்கலாம். "போதும் தம்பி, இதுக்கும் ஒரு வருஷம் அலைய முடியாது" என்றார். கட்டிவிட்டோம். சட்டப்படி அது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. அவருக்கு அது சரியான முடிவு.

எங்கள் அலுவலகத்தில் மாற்றியவை

இப்போது யார் வந்தாலும், பிரச்சினை எதுவானாலும், முதலில் இணையதளச் சுயவிவரத்தைத் திறந்து பார்க்கிறோம். பான் பதிவேட்டு முகவரி எது, முதன்மைக் கைப்பேசி யாருடையது, மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றாவது தவறாக இருக்கும் கோப்புகள் எங்களிடமே நிறைய இருந்தன. பழைய அலுவலக மின்னஞ்சல், வெளிநாடு போன மகனின் இந்திய எண், எப்போதோ போட்டுக் கொடுத்த ஆடிட்டரின் முகவரி. அவற்றில் சில எங்கள் முகவரிகளே. ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறோம்.

வீடு விற்றவர்களிடம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறோம்: பான் பதிவில் இன்னும் அந்த வீடுதானே முகவரி? பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வருகிறது. வீடு கைமாறிய பிறகு கேள்வி வர நான்கைந்து ஆண்டு ஆகலாம். அதற்குள் வாங்கியவரோடு தொடர்பும் விட்டிருக்கும்.

கூட்டாக விற்றவர்களாக இருந்தால் ஒருவருக்கு நோட்டீஸ் வந்ததும் மற்றவரையும் அன்றே அழைக்கச் சொல்கிறோம். ரிட்டர்ன் தேவையில்லாத நிலையிலும், சொத்து விற்ற ஆண்டுக்கு விலக்கைக் காட்டி ஒரு ரிட்டர்ன் போட்டுவிடச் சொல்கிறோம். இவர் 2019-இல் அப்படிப் போட்டிருந்தால் துறையின் திரையில் விற்றதோடு வாங்கியதும் தெரிந்திருக்கும். கணவர் இறந்தவர்களிடம் கைப்பேசி எண்ணைப் பற்றிக் கேட்கும்போது கொஞ்சம் நிதானமாகக் கேட்கிறோம். அந்த எண்ணை நீக்கச் சொல்வது சிலருக்கு எளிதாக இருப்பதில்லை.

வழக்கு முடிந்ததும் கோப்பைக் கோவைக்கு மாற்றக் கோரி மதுரை அதிகாரிக்கு மனு கொடுத்தோம். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.